விதை பாக்கெட்டின் பின்பக்கம்

கேள்வி: மூன்று வருடமாக மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, வெண்டை போடுகிறேன். உரக்கடையில் விற்கும் விதை பாக்கெட்டுகள் எல்லாம் மான்சாண்டோ என்ற அமெரிக்க விதை நிறுவனத்துடையவை, மரபணு மாற்றியவை, தொடவே கூடாது என்கிறாள் தோழி. போன முறை பாக்கெட் விதையில் விளைந்த தக்காளியிலிருந்து நானே விதை எடுத்துப் போட்டேன். ஒரு செடியில் உருண்டையாகவும் இன்னொன்றில் தட்டையாகவும் காய்த்தது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருச்சி

பதில்: மரபணு பயத்தை முதலில் விடுங்கள். இந்தியாவில் மரபணு மாற்றிய பயிர்களில் வணிகமாகப் பயிரிடப்படுவது பருத்தி மட்டுமே. பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியிலேயே மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது. தக்காளிக்கும் வெண்டைக்கும் அனுமதி கிடையாது.

ஆனால், விதை யாருடையது என்று தோழி கேட்டது சரியான கேள்வி. செமினிஸ் என்ற காய்கறி விதை நிறுவனத்தை மான்சாண்டோ 2005இல் வாங்கியது. 2018இல் மான்சாண்டோவையே ஜெர்மன் நிறுவனமான பேயர் வாங்கி, அந்தப் பெயரைக் கைவிட்டது. அதே ஆண்டு பேயரிடமிருந்த நுன்ஹெம்ஸ் விதைகள் இன்னொரு ஜெர்மன் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப் கைக்குப் போயின. சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டா விதை நிறுவனத்தை 2017இல் சீன அரசு நிறுவனமான கெம்சைனா வாங்கியது. பாக்கெட்டின் மேல் பழைய பெயரே இருக்கும், லாபம் போகும் இடம் மாறியிருக்கும். இவை எல்லாமே விதையோடு பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் விற்பவை. என்னை உறுத்துவது இதுதான்: பாராகுவாட் களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை. அப்படியிருந்தும் சின்ஜென்டா அதை மற்ற நாடுகளில் விற்று வந்திருக்கிறது. உங்கள் காசு அங்கே போக வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பே இல்லை.

தக்காளி விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பாக்கெட்டில் 'எஃப் 1' என்றோ 'ஹைப்ரிட்' என்றோ போட்டிருந்திருக்கும். இரண்டு ரகங்களைச் சேர்த்து எடுத்த வீரிய ஒட்டு விதை அது. அதன் பிள்ளைகள் தாய் மாதிரி வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்கத்தான் வேண்டும், நிறுவனத்தின் வியாபாரமே அதில்தான் நிற்கிறது.

வேண்டாம் என்றால், விதை எடுத்துப் போட்டாலும் தாய் மாதிரியே வரும் சாதா ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். தக்காளியில் பெரியகுளத்தின் பி.கே.எம் 1, கத்தரியில் பாலூர் 1, வெண்டையில் அர்கா அனாமிகா. மூன்றுமே அரசு ஆராய்ச்சி நிலையங்கள் கொடுத்தவை. வேளாண் பல்கலைக்கழக விற்பனை மையத்தில் கிடைக்காவிட்டால், விதைத் திருவிழாக்களில் நாட்டு ரகம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பாரம்பரிய விதை' என்று அச்சடித்த அழகான பாக்கெட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். திருப்பிப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயர், முளைப்புத் திறன், சோதித்த தேதி இருக்க வேண்டும். முளைப்புத் திறன் தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65. சோதித்து 9 மாதம் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். விதை ரோஸ் நிறத்தில் கையில் ஒட்டினால் பூஞ்சைக்கொல்லி பூசியது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கை கழுவுங்கள்.

முளைக்காத விதைக்கு நஷ்டஈடு கேட்கலாமா என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். கேட்கலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்லும் காலி பாக்கெட்டும் பத்திரமாக இருக்கட்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இந்த முறை பி.கே.எம் போட்டால், நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த இரண்டு பழத்தை விதைக்கென்றே விட்டுவிடுங்கள். சதையோடு டம்ளரில் பிழிந்து ஒரு நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு கழன்றதும் அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் நிழலில் உலர்த்துங்கள். தோழிக்கும் ஒரு பிடி கொடுங்கள்.