ஸ்கீ பள்ளி தொடங்க ஏஜென்டுக்கு எதற்குக் காசு?

கேள்வி: எனக்கு 29 வயது, சுவிஸ் குடியுரிமை இருக்கிறது. பேர்ண் மாநிலத்தின் மலைப்பகுதியான பேர்ண் ஓபர்லான்டில் சில வருடங்களாகக் குளிர்காலத்தில் ஸ்கீ (பனிச்சறுக்கு) சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன ஸ்கீ பள்ளி தொடங்க யோசனை. எங்கள் ஆள் ஒருவர், 9,500 பிராங் தந்தால் லைசென்ஸ் எடுத்துத் தருவேன், பயிற்சியாளர்களையும் வெளிநாட்டிலிருந்து நானே அனுப்புவேன் என்கிறார். அவர்கள் தனித்தனியாக பில் எழுதுவார்களாம், அதனால் நாங்கள் ஏ.எச்.வி (அரசின் முதியோர் காப்புறுதிக் காசு) கட்டத் தேவையில்லையாம். லண்டனில் இருக்கும் மச்சானும் பயிற்சி முடித்தவன், அவனையும் எடுக்கலாமா? பாதிக் காசை இந்த மாதக் கடைசிக்குள் கேட்கிறார்.

பதில்:

தம்பி, அந்தக் காசைக் கட்ட வேண்டாம். பாதியும் வேண்டாம், "டோக்கன்" என்று ஐந்நூறும் வேண்டாம். மலைக் கிராமங்களில் குளிர்காலத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் நான் கணக்கும் அனுமதிப் பத்திரங்களும் பார்க்கிறேன். ஏஜென்டுக்குக் கொடுத்த காசு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த "லைசென்ஸ்". சுவிஸ் முழுவதுக்கும் செல்லுபடியாகிற மாதிரி ஸ்கீ பள்ளி லைசென்ஸ் என்று ஒரு காகிதம் கிடையாது. ஆட்களை மலைக்கு ஏற்றுகிற லிஃப்ட் கம்பனி தயார்படுத்தி, தன் பொறுப்பில் வைத்திருக்கிற பாதைகளுக்குள் சொல்லிக்கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் விஷயம். சில மாநிலங்கள் அனுமதி கேட்கும், சில கேட்காது. 26 மாநிலம், ஆளுக்கொரு விதி, இவ்வளவு சின்ன நாட்டில் இதை ஒரே பக்கத்தில் எழுதிப் போட இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாநிலத்தைக் கேட்டால் கெமைண்டேயை, அதாவது ஊராட்சியை, கேள் என்பார்கள், கெமைண்டே அலுவலகம் மத்தியானம் பூட்டிக் கிடக்கும். அந்த எரிச்சலில்தான் ஏஜென்டின் பிழைப்பு ஓடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்தக் கிராமம், எத்தனை பேர், யாரிடம் என்ன சான்றிதழ் என்று மாநில அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எழுத்திலேயே பதில் கேளுங்கள். பதில் வரச் சில கிழமை பிடிக்கலாம், ஆனால் வரும். ஏஜென்டும் இதே மின்னஞ்சலைத்தான் எழுதப் போகிறார்.

பாதைக்கு வெளியே வாடிக்கையாளரைக் கூட்டிப்போனால் கதை வேறு. அதற்கு மத்திய அரசின் ஆபத்துச் செயற்பாடுகள் சட்டம் 2014 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மத்திய தொழிற்சான்று உள்ள பயிற்சியாளர் வேண்டும், அனுமதி வேண்டும், குறைந்தது 50 இலட்சம் பிராங்குக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். நீங்கள் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள், இது எனக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். இங்கேதான் மாட்டுவது. வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும், பிள்ளைகள் சலித்துப்போய் நிற்பார்கள், புதிதாக வந்த பயிற்சியாளர் அவர்களைச் சந்தோஷப்படுத்த பாதை ஓரக் கயிற்றைத் தூக்கி மரங்களுக்குள்ளால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். லிஃப்ட் கம்பனியின் பொறுப்பு அந்தக் கயிற்றோடு முடிகிறது. கயிற்றைத் தாண்டின பிறகு என்ன நடந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். வேலைக்குச் சேருகிற முதல் நாளே இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தாவோசில் இருக்கும் எஸ்.எல்.எஃப் என்ற பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, அது ஒவ்வொரு நாளும் உங்கள் அலுவலகக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் என்னிடம் கேட்காத விஷயம் இடம். உண்மையில் பள்ளி நிற்பதும் விழுவதும் அதில்தான். முதல் தடவை ஸ்கீ போடுகிற ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அடியில் தட்டையாக வந்து தானாக நிற்கிற ஒரு துண்டு நிலம் வேண்டும். பிள்ளைகளை மேலே ஏற்ற ஒரு உருளும் விரிப்பு, சுற்றிவர வலை, பெற்றோர் நிற்க இடம், நடந்துபோகிற தூரத்தில் கழிவறை எல்லாம் வேண்டும். அந்த நிலம் பெரும்பாலும் ஒரு விவசாயியின் புல்வெளி, கோடையில் மாடு மேய்கிற இடம். குளிர்காலத்துக்கு அதை லிஃப்ட் கம்பனியோ, ஏற்கெனவே அங்கிருக்கும் ஸ்கீ பள்ளியோ ஒப்பந்தம் போட்டு எடுத்திருக்கும். அதில் உங்களுக்கு இடம் கிடைக்குமா, விரிப்பை எந்த நேரத்தில் பாவிக்கலாம், பயிற்சியாளர்களுக்கு லிஃப்ட் அட்டை என்ன விலை என்பதெல்லாம் கம்பனி மேலாளரோடு நேரே உட்கார்ந்து பேசித்தான் முடிக்க முடியும். அதைக் கோடையிலேயே பேசுங்கள், நவம்பரில் போனால் எல்லாம் பங்குபோட்டு முடிந்திருக்கும். நிலத்தின் உயரத்தையும் பாருங்கள். 2023 ஜனவரியில் உங்கள் ஓபர்லான்டிலேயே இருக்கும் அடெல்போடனில் ஸ்கீ உலகக் கோப்பைப் போட்டியே பச்சைப் புல்லுக்கு நடுவில் செயற்கைப் பனி போட்ட ஒரு வெள்ளைக் கோட்டில்தான் நடந்தது. பனி இல்லாவிட்டால் காசு திரும்பத் தருவீர்களா, வேறு நாள் தருவீர்களா என்பதை முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

சிவப்பு ஜாக்கெட்டும் "சுவிஸ் ஸ்கீ பள்ளி" என்ற பெயரும் சுவிஸ் ஸ்னோஸ்போர்ட்ஸ் சங்கத்தின் பள்ளிகளுக்கு உரியது. அதையும் வாங்கித் தருவேன் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம், சங்கத்தோடு நீங்களே நேரே பேசுங்கள்.

இனி ஏ.எச்.வி. "ஆளாளுக்கு பில் எழுதுவார்கள், கட்டத் தேவையில்லை" என்ற பேச்சு சின்னக் கடைகளையும் துப்புரவுக் கம்பனிகளையும் விழுத்தின மாதிரி உங்களையும் விழுத்தும். ஒருவர் சுயதொழில் செய்பவரா இல்லையா என்பதை நீங்களோ அவரோ பில்லோ தீர்மானிப்பதில்லை, ஏ.எச்.வி அலுவலகம்தான் தீர்மானிக்கும். உங்கள் ஜாக்கெட்டைப் போட்டு, நீங்கள் சொன்ன நேரத்தில், நீங்கள் கொடுத்த பிள்ளைகளுக்கு, நீங்கள் வைத்த விலையில் சொல்லிக்கொடுக்கிறவர் உங்கள் தொழிலாளி. ஏ.எச்.வி, ஐ.வி (இயலாமைக் காப்புறுதி), ஈ.ஓ (படைச்சேவை, மகப்பேறு போன்ற காலங்களுக்கான வருமான ஈடு) மூன்றும் சேர்த்து 10.6 வீதம், வேலையில்லாக் காப்புறுதி 2.2 வீதம். சாதாரணமாக இதில் பாதியை அவருடைய சம்பளத்திலிருந்து கழிப்பீர்கள். கழிக்காமல் விட்டு இரண்டு வருடம் கழித்துச் சோதனை வந்தால், பயிற்சியாளர் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார், முழுத்தொகையும் உங்கள் தலையில் வரும். 60,000 பிராங் சம்பளத்துக்கு 7,680 பிராங், அதற்கு மேலே வட்டி. ஐந்து வருடம் பின்னோக்கிக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 20,000 பிராங் போட்டு ஜி.எம்.பி.எச் என்ற வரையறுத்த பொறுப்புக் கம்பனி திறந்தால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்று இதே ஏஜென்ட் அடுத்ததாகச் சொல்வார். கட்டாத ஏ.எச்.வி காசுக்கு நிர்வாகியின் சொந்தப் பையில் கைவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை அவர் சொல்ல மாட்டார். யாராவது "என்னிடம் சுயதொழில் உறுதிக்கடிதம் இருக்கிறது" என்று காட்டினாலும் அது எந்த வேலைக்குக் கொடுத்தது என்று வாசியுங்கள். கோடையில் சைக்கிள் திருத்துவதற்குக் கொடுத்த கடிதம் உங்கள் பள்ளியில் செல்லாது.

விபத்துக் காப்புறுதியும் முதல் நாளிலிருந்தே கட்டாயம், கிழமைக்கு எட்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை என்றால் வேலை நேரத்துக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் சேர்த்து. ஸ்கீ பயிற்சியாளர் லீவு நாளிலும் ஸ்கீதான் போடுவார், முழங்கால் நார் அறுவது அன்றைக்குத்தான். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு, ஏ.எச்.விக்கு மேலதிகமான தொழில்சார் ஓய்வூதியக் காசு கட்டத் தேவையில்லை, அந்த அளவில் நிம்மதி.

வெளிநாட்டிலிருந்து ஆட்களைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு உங்களிடம் வேலைக்கு அனுப்புகிறேன் என்கிறாரே, அது சட்டப்படி தடை. வெளிநாட்டுக் கம்பனி சுவிசுக்குள் ஆள் வாடகைக்கு விட முடியாது. ஆள் பிடித்து மட்டும் தருகிறேன் என்றாலும் அதைத் தொழிலாகச் செய்ய மாநில அனுமதி வேண்டும், வெளிநாட்டு ஆட்கள் என்றால் மத்திய அரசின் பொருளாதார அலுவலகமான செக்கோவின் அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஐந்து நிமிடத்தில் தேடலாம், காசு இல்லை. அவர் பெயர் அங்கே இல்லாவிட்டால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: வேலைக்கு வரப்போகிற பயிற்சியாளர்களிடமும் காசு வாங்குகிறாரா? வேலை தேடுகிறவரிடம் பதிவுக்கு 40 பிராங்கும், வேலை கிடைத்தால் முதல் வருடச் சம்பளத்தில் 5 வீதமும்தான் உச்சம். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒருவரை உங்களிடம் அனுப்பினால், அந்தப் பிள்ளை கடனோடுதான் வந்து இறங்கும். ஏஜென்சிக் காசு கட்டி நம் சனம் பட்ட பாடு போதாதா? எங்கள் ஆள் என்பதற்காக இதில் சலுகை காட்டாதீர்கள்.

மச்சான் விஷயத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வருகிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் குழம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போட்டோ எஃப்டா (ஒன்றியத்தில் சேராத சில நாடுகளின் வணிகக் கூட்டு) நாட்டின் பாஸ்போட்டோ உள்ள ஒருவரை, வருடத்துக்கு மூன்று மாதம் வரைக்கும், அனுமதி எடுக்காமல் இணையத்தில் அறிவித்துவிட்டு வேலைக்கு வைக்கலாம். வேலை தொடங்குவதற்கு முதல் நாளுக்குள்ளாவது நீங்கள்தான் அறிவிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேலே ஒப்பந்தம் என்றால் எல் என்ற குறுகியகால வதிவிட அனுமதி எடுக்க வேண்டும். இதில் பார்க்க வேண்டியது பாஸ்போட் மட்டும்தான், ஆள் எங்கே பிறந்தார், எந்த நாட்டில் சான்றிதழ் எடுத்தார், எத்தனை வருடம் ஐரோப்பாவில் இருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பாரிசில் இருக்கும் பெரியப்பா மகனிடம் பிரெஞ்சு பாஸ்போட் இருந்தால் சரி. அதே வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி பத்து வருட பிரெஞ்சு வதிவிட அட்டையும் இலங்கைப் பாஸ்போட்டும் வைத்திருந்தால் இந்த வழி சரிவராது. நோர்வே ஒன்றியத்தில் இல்லையே என்று கேட்பீர்கள், அது எஃப்டாவில் இருக்கிறது, அதனால் ஒஸ்லோவில் வளர்ந்து, நடக்கத் தொடங்கின கையோடு ஸ்கீ போட்ட நம் பிள்ளைகள் நோர்வே பாஸ்போட்டோடு வந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் லண்டன் மச்சானிடம் இருப்பது பிரித்தானியப் பாஸ்போட் என்றால் அவரை இந்த வழியில் எடுக்க முடியாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து பிரித்தானியப் பாஸ்போட் மூன்றாம் நாட்டுக் கணக்கு. அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் இங்கேயும் ஒன்றியத்திலும் ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும், மாநிலம் அனுமதிக்க வேண்டும். ஒரு சின்னப் பள்ளி, பருவகால வேலை, குழந்தைகள் வகுப்பு என்றால் அது நடக்கிற காரியமில்லை. மச்சான் மிக நல்ல பயிற்சியாளராக இருக்கலாம், சட்டம் அதைப் பார்க்காது. "வா, விருந்தாளி மாதிரி நின்று உதவி செய்" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், சம்பளம் கொடுக்காவிட்டாலும் அது வேலைதான், பிடிபட்டால் அவருடைய அடுத்த பயணங்களும் கெடும்.

ஏஜென்டோடு ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். இப்படி ஒரு வேலையை ஒப்படைக்கிற ஒப்பந்தத்தைக் கடமைகள் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம். இரண்டு வரிக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகலும் அவர் எழுதின வாட்ஸ்அப் செய்திகளும் அழியாமல் இருக்கட்டும். மாதக் கடைசிக்குள் காசு வராவிட்டால் இடம் போய்விடும் என்று அவர் போன் எடுத்தால், எந்தக் கிராமத்தில் எந்த நிலம், யாரோடு ஒப்பந்தம் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.