மூச்சு மிச்சம் இருக்கிறது, கால் தீர்ந்துபோகிறது: 62 வயதில் சைக்கிளில் மலையேறுவது

கேள்வி: எனக்கு 62 வயது, எடை 74 கிலோ. பல வருடங்களாக வாரம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிறேன். அதில் ஒரு நாள் 7 கிலோமீட்டர் மலைப்பாதை, சராசரி ஏற்றம் 8 சதவீதம். கடந்த ஓரிரு வருடங்களாகப் பாதி வழிக்கு மேல் தொடை எரிந்து கால் ஓய்ந்துவிடுகிறது. மூச்சு அவ்வளவாக வாங்குவதில்லை. கியர் முன்பக்கம் 50/34, பின்பக்கம் 11-28. ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். கடைக்காரர் இரண்டு கிலோ எடை குறைந்த கார்பன் சைக்கிளுக்கு மாறச் சொல்கிறார். ஜிம் பயிற்சியாளர் ஹார்மோனைத் தூண்டும் பவுடர் தருகிறேன் என்கிறார். டாக்டரோ 'இந்த வயதில் எதற்கு' என்கிறார். மகன் மோட்டார் உதவியுள்ள சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பின்பக்கம் 11-28 என்று எழுதியிருக்கிறீர்களே, அதாவது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல், அதுதான். கேள்வி அனுப்புகிறவர்கள் சைக்கிளின் நிறத்தைக்கூட எழுதுவார்கள், பல் எண்ணிக்கையை எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதியதால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது.

நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து நீங்கள் தரக்கூடிய சக்தி 150 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் அந்தச் சக்திக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்த வேகத்தில், முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 28 பல் என்ற உங்கள் இலேசான கியரில், மிதி ஒரு நிமிடத்துக்கு 48 சுற்றுதான் சுற்றும். பின்பக்கம் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 59 சுற்று. முன்பக்கத்தையும் 30 பல்லாக்கினால் 66. வேகமும் அதேதான், சக்தியும் அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இது ஏன் இத்தனை முக்கியம்? தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்குபவை ஒரு வகை. பலமாக அழுத்தி சீக்கிரம் களைத்துப்போகிறவை இன்னொரு வகை. மிதி கனமாக இருந்தால் உடம்பு இரண்டாவது வகையையும் கூப்பிட்டுக்கொள்ளும். அவை எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு எரிச்சலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். வயதாக ஆகச் சுருங்குவதும் பெரும்பாலும் இதே வகைதான். ஆக, 40 வயதில் உங்களால் 28 பல்லை மிதித்துத் தள்ள முடிந்தது, இப்போது முடியவில்லை என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மூச்சு வாங்காமல் தொடை மட்டும் எரிகிறது என்று நீங்கள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

சரி, உங்கள் சைக்கிளில் ஏன் 28 பல் இருக்கிறது? பந்தய வீரர்களுக்காகப் போட்ட கணக்கு அது. உங்களைப்போல் இரண்டு மடங்கு சக்தி உள்ள இருபத்தைந்து வயதுக்காரனுக்கு ஏற்ற கியரை அறுபது வயதுக்காரருக்கு விற்கிறார்கள். கேட்டால் "ரோடு சைக்கிள் என்றால் இப்படித்தான்" என்று பதில் வரும். தொழில்முறை வீரர்களே செங்குத்தான மலைகளில் பெரிய பின்சக்கரப் பல் போட்டுக்கொள்ளும் காலத்தில் நாம் மட்டும் எதற்காக வீறாப்பு காட்ட வேண்டும்?

இப்போது கார்பன் சைக்கிள். உங்கள் மலையை ஏற உங்களுக்கு ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். மொத்த எடையில் இரண்டு கிலோ குறைந்தால் மிச்சமாவது ஒரு நிமிடமும் சில விநாடிகளும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. புது சைக்கிளிலும் அதே 11-28 இருந்தால் தொடை அதே இடத்தில்தான் எரியும், கொஞ்சம் மேலே வேண்டுமானால் எரியும். கேசட்டையும் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் தொகுப்பு) செயினையும் மாற்றித் தரச் சொன்னால் கடையில் "இந்த மாடலுக்கு அது பொருந்தாது" என்பார்கள். பொருந்தாது என்றால் எது பொருந்தாது என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்பக்க கியர் மாற்றியின் கை நீளம் போதாமல் இருக்கும். நீளமான கை உள்ளதை மாட்டினால் 34 பல் வந்துவிடும். இந்தச் சின்ன வேலையில் கடைக்கு லாபம் கம்மி. புது சைக்கிளை உங்கள் தலையில் கட்டுவதில்தான் லாபம். எல்லாக் கடைக்காரரும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு கேசட்டை மாற்றுவதற்கு முன்னால் முழுச் சைக்கிளை மாற்றச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கியர் பாதி. மறுபாதி கால் வலு.

நிறையப் பேர் "தினமும் மலையேறுகிறேனே, அதைவிட என்ன காலுக்குப் பயிற்சி?" என்கிறார்கள். 48 சுற்றில் 150 வாட் என்றால் மிதியில் விழும் அழுத்தம் சராசரியாக 18 கிலோ அளவுதான். நாற்காலியிலிருந்து எழும்போது உங்கள் ஒவ்வொரு காலும் அதைவிட அதிகம் தூக்குகிறது. சைக்கிள் மிதிப்பது வலுவைக் கூட்டும் அளவுக்குக் கனமான வேலையே அல்ல. ஆனால் அந்த 18 கிலோவை ஏறி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் இரண்டாயிரத்து எழுநூறு தடவைக்கு மேல் அழுத்தியாக வேண்டும். உங்கள் காலின் உச்ச வலுவில் அந்த 18 கிலோ எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. கியரை இறக்கினால் 18 குறைகிறது, வலுவைக் கூட்டினால் உச்சம் ஏறுகிறது. இரண்டும் ஒரே பலனைத் தரும், சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

வாரம் இரண்டு நாள் போதும். எடையைக் கையில் பிடித்து உட்கார்ந்து எழுவது, உயரமான படியில் ஒரு காலால் ஏறி இறங்குவது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடையைத் தூக்குவது, குதிகாலை உயர்த்துவது. முதல் மூன்று நான்கு வாரம் இலேசான எடையில் முறையைப் பழகுங்கள். அப்புறம் 6 முதல் 10 தடவைக்குள் கடைசி இரண்டு தடவை உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும் எடைக்குப் போங்கள், அப்படி மூன்று சுற்று. அரைக் கிலோ டம்பெல்லை நாற்பது தடவை ஆட்டுவதால் ஒன்றும் வராது. வயதானவர் என்றாலே கையில் அதைத்தான் கொடுக்கிறார்கள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்கள் எட்டே வாரக் கனமான எடைப் பயிற்சியில் கால் வலுவை இரு மடங்குக்கு மேல் கூட்டினார்கள். உங்களுக்கு 62தான். எலும்புக்கும் இது வேண்டும், ஏனென்றால் சைக்கிளில் உட்கார்ந்தே இருப்பதால் எலும்பின் மேல் பாரம் விழுவதில்லை.

கூடவே புரதம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. வயதான தசைக்கு ஒரு வேளையில் 30 கிராமாவது போனால்தான் உறைக்கும். முட்டை, பயறு, பால், மீன் எதிலிருந்து வந்தாலும் சரி. அந்த ஹார்மோன் பவுடரைத் தொடாதீர்கள். இப்படி விற்கப்படும் பல பவுடர்களில் டப்பாவில் எழுதாத ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைப் பரிசோதனைகள் கண்டுபிடித்திருக்கின்றன. ரத்த அழுத்தக்காரருக்கு அது விஷப்பரீட்சை. விற்கிற டப்பா ஒவ்வொன்றுக்கும் கமிஷன் வாங்குகிறவரிடம் உடம்பைப் பற்றி ஆலோசனை கேட்பதில் அர்த்தமில்லை. எடைப் பயிற்சியோடு சேர்ந்து ஓரளவு உதவும் என்று தெரிந்த ஒரு பவுடர் சாதாரண கிரியேட்டின், தினம் 3 முதல் 5 கிராம். அதையும் சிறுநீரகம் சரியாக இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும்.

இனி உங்கள் மாத்திரை. எந்த மாத்திரை என்று எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். பெயரைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று 'லால்' என முடிந்தால் பெரும்பாலும் அது பீட்டா பிளாக்கர். அப்படியானால் நான் மேலே சொன்னதோடு இன்னொரு கதையும் சேர்கிறது. இந்த மாத்திரை இதயத் துடிப்புக்குக் கூரை போட்டுவிடும். எவ்வளவு முக்கி மிதித்தாலும் துடிப்பு 120, 130க்கு மேல் ஏறாமல் நிற்கலாம். கால் கனப்பதாகவும் சிலருக்குத் தோன்றும், ப்ரோப்ரனோலால் போன்றவற்றில் கூடுதலாக.

இங்கேதான் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் ஏமாற்றும். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற பழைய சூத்திரத்தை வைத்துப் பயிற்சி அட்டவணை விற்கிறார்கள். உங்களுக்கு அது 158 என்று காட்டும். மாத்திரையே எடுக்காதவருக்குக்கூட அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ தவறலாம். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அந்த எண் சுத்தமாகச் செல்லாது. நீங்கள் உயிரைக் கொடுத்து ஏறிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் "இலேசான பயிற்சி, இன்னும் கூட்டவும்" என்று சொல்லும். அதைக் கேட்டுக் கூட்டாதீர்கள். பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். முழு வாக்கியம் பேச முடிந்தால் இலேசு, மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் கடினம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி ஆபத்தாகலாம். டாக்டரிடம் போய், "நான் மலையேறுகிறேன், இந்த மாத்திரை எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மட்டுமா, இதயத்துக்கும் சேர்த்தா? அழுத்தத்துக்கு மட்டும் என்றால் வேறு வகை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். மாரடைப்பு, துடிப்புக் கோளாறு போன்ற காரணம் இருந்தால் அது அப்படியே தொடர வேண்டியதுதான், மலையில்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேறு காரணம் இல்லாத வெறும் ரத்த அழுத்தம் என்றால் மாற்று மருந்துகள் உண்டு. பெயர் 'லால்' என்று முடியவில்லையா? இந்த மூன்று பத்தியையும் மறந்துவிடுங்கள்.

'இந்த வயதில் எதற்கு' என்பதற்கு வருகிறேன். ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியை அனுப்ப வேண்டிய அமைப்பில் எளிதாக வரும் பதில் அது. என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எப்போதோ எழுதிய மாத்திரை வருடக்கணக்கில் அப்படியே தொடர்கிறது. ஏன் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 101 வயதிலிருந்து 103 வரை முறையாகப் பயிற்சி செய்து, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை 13 சதவீதம் கூட்டினார். அதன் பிறகு 2017இல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.5 கிலோமீட்டர் ஓட்டினார். அவரிடம் யாராவது 'எதற்கு' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, அல்லது சில வாரங்களிலேயே சடாரென்று வலு இறங்குவது. ஒரே காலில் மட்டும் வலி வந்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் மறைந்தால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். உங்களுக்கு இவை இல்லை என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை மார்ஷானின் கணக்கே உங்களுக்கும் போதும். ஓட்டும் நேரத்தில் எண்பது சதவீதம் இலேசாக, இருபது சதவீதம் கடினமாக. வாரத்தில் ஒரு நாள் இலேசான ஏற்றத்தில் நான்கு நிமிடம் கடினமாக மிதித்து மூன்று நிமிடம் ஆறி, அப்படி நான்கு தடவை. அதற்கு மறுநாளும் எடை தூக்கிய மறுநாளும் மலைக்குப் போகாதீர்கள். மலையில் முதல் இரண்டு கிலோமீட்டரைப் பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். உங்களை முந்திப் போகிறவரைப் போகவிடுங்கள்.

கடைசியாக மோட்டார் சைக்கிள், அதாவது மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவும் வகை. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மூன்று மாதம் கியரையும் கால் வலுவையும் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் பெரிய மலைக்கு ஆசை இருந்தால் வாங்குங்கள். உதவியைக் குறைந்த நிலையில் வைத்து நிமிடத்துக்கு 70 சுற்றில் மிதித்தால் உங்கள் காலுக்கும் வேலை இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த வகை பலவும் 20 கிலோவைத் தாண்டும். ஏறும்போது மோட்டார் தாங்கிக்கொள்ளும், இறங்கும்போது அத்தனை எடையையும் பிரேக்தான் பிடித்தாக வேண்டும். ஆகவே டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பாருங்கள், பிரேக் பேடையும் அடிக்கடி கழற்றிச் சோதித்துக்கொள்ளுங்கள்.