ககுத்மியும் ஒரு சிப்பாயும்

கேள்வி: பிரம்மலோகம் போய்வந்த ககுத்மி மன்னன் திரும்புவதற்குள் இருபத்தேழு சதுர்யுகம் ஓடிவிட்டதாகப் பாகவதம் சொல்கிறது. அதையே விண்கப்பலில் ஏற்றிய ஜோ ஹால்ட்மனின் 'தி ஃபாரெவர் வார்' (1974) நாவலைச் சென்ற இதழில் அப்படிப் புகழ்ந்தீர்களே, நியாயமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நியாயம்தான். இன்னும் புகழ்வேன். ககுத்மிக்குப் பிரம்மாவே நிலைமையை விளக்கி, பலராமனை மருமகனாகக் காட்டி அனுப்பிவைத்தார். நாவலின் நாயகன் மண்டெல்லாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடிபட்ட இயற்பியல் மாணவன்.

ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் பறக்கும் கப்பலில் ஓராண்டு கழிந்தால், பூமியில் ஏறக்குறைய ஏழாண்டு கழிந்திருக்கும். இந்த அதிசயத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கியதோடு ஹால்ட்மன் நிற்கவில்லை. அதைப் போர்க்களத்தின் சிக்கலாக்கினார். புறப்படும்போது கொடுத்த புத்தம்புது ஆயுதம், களத்தில் இறங்கும்போது காலாவதி. எதிரே நிற்கும் டாரன் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் படை உங்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் புறப்பட்டதாக இருக்கலாம். அவர்களிடம் என்ன இருக்கும் என்று உங்கள் தளபதிக்கே தெரியாது. உத்தரவு போட்டவர் நீங்கள் திரும்புமுன் செத்திருப்பார். சம்பளம் மட்டும் ஊரில் வட்டியோடு குட்டி போட்டுக்கொண்டிருக்கும். சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கும் மண்டெல்லா மேஜராகிப் போர் முடிந்து வரும்போது ஆண்டு 3138. இதில் எந்தச் சதுர்யுகத்தைக் கண்டீர்கள்?

ஹால்ட்மன் வியட்நாமில் போரிட்டுக் காயப்பட்டவர். ஊர் திரும்பியவனுக்கு ஊரே அந்நியமாகிப்போவதை எழுத அவருக்கு இதிகாசம் தேவைப்படவில்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய் உயிரோடு தோட்டம் திரும்பியவர்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கும் இது புரிய பிரம்மலோகம் வேண்டியதில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. எதிர்காலப் பூமியில் தன்பாலீர்ப்பை மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கான அரசு ஏற்பாடாகக் காட்டும் பக்கங்கள் இன்று நெளியவைக்கின்றன. படையிலுள்ள பெண்களில் மண்டெல்லாவின் காதலி மேரிகேயைத் தவிர ஒருத்தியும் மனத்தில் நிற்பதில்லை. ஹியூகோ, நெபுலா என்ற அறிவியல் புனைகதை விருதுகள் இரண்டையும் வாங்கிய நூல் என்பதற்காக இவற்றை மன்னிக்க வேண்டியதில்லை.

நீங்கள் நாவலைப் படித்துவிட்டுத்தான் கேட்டீர்களா என்று எனக்கு ஐயம். இனிமேல் வாங்குவதானால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். மண்டெல்லா பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதி ஒரேயடியாகச் சோர்வூட்டுகிறது என்று, தொடராக வெளியிட்ட இதழின் ஆசிரியர் திருப்பிவிட்டார் (பத்திரிகை ஆசிரியர்களான எங்கள் சாதிக்கே உள்ள புத்தி). ஹால்ட்மன் வேறொன்று எழுதிக் கொடுத்தார். முதலில் எழுதியது 1990களில் வந்த பதிப்புகளில்தான் திரும்பச் சேர்ந்தது. அது இல்லாத பழைய பிரதி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.