ஓதம் பார்த்துத் தூண்டில் போடுவது: கேள்வி பதில்

ஓதம், அதாவது கடல் ஏறுவது, இறங்குவது, அதோடு நிலவு பற்றித் தூண்டில்காரர்கள் கேட்டவற்றை ஊரோடு சேர்த்துக் கீழே தந்திருக்கிறேன். ஒரே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

திருவான்மியூர்: அண்ணா, எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிப் போனால்தான் மீன் என்கிறார்கள். அட்டமி, நவமியில் போனால் வீண்தானா?

வீண் இல்லை தம்பி. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்த ஞாயிறையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். சென்னையில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அட்டமி ஒட்டிப் பார்த்தால் அதில் பாதிகூட வராது. உச்சம் திதியன்றே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும்.

இதைவிட முக்கியம் கடிகாரம். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியன்று காலையிலும் இரவிலும் எட்டு, ஒன்பது மணி வாக்கில் முழு ஏற்றம். வற்றம் இரண்டு, மூன்று மணிக்கு. அதாவது விடியும்போதும் பொழுது சாயும்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். கொடுவா மீனும் பாறை மீனும் மங்கிய வெளிச்சத்தில் கரையோரம் இரை தேடுகிற நேரமும் அதுதான். இரண்டும் ஒன்றாகச் சேர்வதால்தான் இந்த நாட்களுக்கு இவ்வளவு நல்ல பெயர் என்பது என் கணிப்பு.

அட்டமியில் இது தலைகீழ். காலை எட்டு, ஒன்பதுக்கு வற்றம், எனவே விடியும்போது தண்ணீர் இறங்கும். அன்றைக்குத் திறந்த கடற்கரையை விட்டுவிட்டு முகத்துவாரத்துக்குப் போங்கள்.

செங்கல்பட்டு: ஆப் எதுவும் இல்லாமல் ஏற்ற நேரத்தைக் கணக்குப் போட முடியுமா சார்?

முடியும். தினசரி காலண்டர் போதும். அமாவாசை அல்லது பௌர்ணமியிலிருந்து எத்தனையாவது திதி என்று எண்ணி 48 நிமிடத்தால் பெருக்குங்கள். அதை எட்டேகாலோடு கூட்டினால் ஏற்ற நேரம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், ஒரு மாதச் சுற்றுக்கு 30 திதி, வகுத்தால் 48. அடுத்த வற்றம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி வரும்.

ஒரு மணி நேரம் வரை முன்னே பின்னே போகலாம். துல்லியம் வேண்டுமென்றால் சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையைப் பாருங்கள். இந்தக் கணக்கு சென்னை, கடலூர் பக்கத்துக்கு. கோடியக்கரை தாண்டித் தெற்கே போனால் நேரமே மாறிவிடும், தூத்துக்குடியில் இதை நம்பிப் போகாதீர்கள்.

பரங்கிப்பேட்டை: அட்டவணையில் எட்டரைக்கு ஏற்றம் என்று இருக்கிறது. வெள்ளாற்றுக்குள் ஒன்பதரை வரை தண்ணீர் உள்ளேதான் ஓடுகிறது. அட்டவணை தப்பா?

அட்டவணை சரிதான். அது கடலின் மட்டத்தைச் சொல்கிறது. குறுகிய வாய் வழியாக உள்ளே நுழைந்து ஆற்றை நிரப்ப நேரம் பிடிக்கும். கடலில் மட்டம் நின்ற பிறகும் உள்ளே மட்டம் குறைவாக இருக்கும்வரை தண்ணீர் நுழைந்துகொண்டே இருக்கும். மணல் சேர்ந்து வாய் சுருங்கினால் தாமதம் இன்னும் கூடும். அதனால் உங்கள் இடத்தில் ஓட்டம் திரும்பும் நேரத்தை நோட்டில் எழுதி, கடல் நேரத்தோடு உள்ள இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். மழைவெள்ளம் வந்தாலோ மணல் மேடு நகர்ந்தாலோ மறுபடி பாருங்கள்.

இறங்குதண்ணீரில் எங்கே போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சின்ன வாய்க்கால் பெரிய ஓடையில் சேரும் மூலையைப் பாருங்கள். கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் உரசும் இடத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாக நிற்கும். மடவைக் குஞ்சுகள் அங்கே திடீரென்று சிதறித் துள்ளினால் கீழே கொடுவா நிற்கிறது. உயிர் இறாலைக் கோட்டின் மேலே நேராகப் போடாமல், வாய்க்காலுக்குள் சற்று மேலே விட்டு, ஓட்டத்தோடு தானாக இறங்கி வர விடுங்கள். ஈயம் குறைவாக இருக்கட்டும்.

மரக்காணம்: ஏறும் ஆறு மணி நேரமும் உட்கார வேண்டுமா?

வேண்டாம். ஆறு மணி நேரத்தில் முதல் மணியிலும் கடைசி மணியிலும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் ஏறிவிடும். அந்த இரண்டு மணியைத் தவறவிடாதீர்கள்.

ராமேஸ்வரம்: எங்கள் பக்கம் ஏற்றவற்றமே பெரிதாகத் தெரிவதில்லை. நாங்களும் இதைப் பார்க்கணுமா?

உங்களுக்குக் காற்றுதான் முதலில். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் பக்கம் அடங்கியிருக்கும். சோழகம் என்கிற தென்காற்று வீசும்போது மாறிவிடும். இது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாம்பன் கால்வாயில் மட்டும் ஓட்டம் பலமாக இருக்கும், அங்கே ஓட்டம் தணிகிற நேரம் பார்த்துப் போடுங்கள்.

புதுச்சேரி: ஆப்பில் நட்சத்திரம் போட்டு ‘இன்று மிகச் சிறந்த நாள்’ என்று காட்டுகிறதே?

1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் முன்வைத்த சோலூனார் கருத்து அது. நிலவு தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் வரும் நேரம் பெரிய நேரம், உதயமும் அஸ்தமனமும் சின்ன நேரம். உறுதியான ஆதாரம் இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்து லீவு போடாதீர்கள்.

நாகப்பட்டினம்: நிலாக் காலத்தில் வலையில் மீன் படாது என்று தாத்தா சொல்வார். தூண்டிலுக்கும் அப்படியா?

தாத்தா சொன்னது வலைக்குச் சரி. நிலா வெளிச்சத்தில் செவுள் வலை மீனின் கண்ணுக்குத் தெரியும், கூட்டமும் கலைந்து நிற்கும். தூண்டிலுக்கு அதே வெளிச்சம் கெடுதல் இல்லை, இரையைப் பார்க்க உதவும். பௌர்ணமி இரவில் பாலத்தின் நிழல் விழும் ஓரத்தில் போட்டுப் பாருங்கள்.

சென்னை: ஐப்பசி, கார்த்திகையில் வற்றத்திலும் பாறை வெளியே தெரிவதில்லை. ஏன்?

நம் கரையில் கடல் மட்டமே அக்டோபர், நவம்பரில் உயர்ந்தும் மார்ச், ஏப்ரல் வாக்கில் தாழ்ந்தும் இருக்கும். நீரோட்டமும் ஆற்று நன்னீரும் காரணம். பங்குனியில் நடந்து போன பாறைக்குக் கார்த்திகையில் அதே வற்றத்தை நம்பிப் போகக் கூடாது.

குளச்சல்: என் மகன் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் நின்று மீன் பிடிக்கிறான். வற்ற நேரத்தில் போனால் ஆபத்தில்லை என்கிறான். உண்மையா ஐயா?

இல்லையம்மா. அட்டவணையில் அலை கிடையாது. உங்கள் பக்கம் கள்ளக்கடல் உண்டு. தென்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையமான ஹைதராபாத் இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருந்தால் அன்று கல் பக்கமே விடாதீர்கள். மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், பெரிய அலை இடைவெளி விட்டுத்தான் வரும். பாசி பிடித்த கல்லில் காலே வைக்கக் கூடாது. தனியாகவும் போக வேண்டாம்.

திருவான்மியூர் தம்பியே மறுபடியும்: வரும் ஞாயிறு பஞ்சமி அண்ணா. எப்போது கிளம்ப?

ஐந்து திதிக்கு நான்கு மணி நேரம், எனவே பன்னிரண்டேகாலுக்கு ஏற்றம், ஆறு மணிக்கு வற்றம். விடியலில் தண்ணீர் நின்றுவிடும், நன்றாகத் தூங்குங்கள். எட்டு மணிக்குக் கரையில் இருந்தால் பத்தேகால் வரை நல்ல ஓட்டம். வெயில் ஏறிவிடும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.