எம்.ஆர்.ஐ. நார்மல்; பிறகு எப்படி பைபோலார்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, கம்பத்தில் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பாவுக்குக் குமுளிப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை. போன கோடையில் பத்து நாள் போல, ராத்திரி இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் ஓயாமல் பேசினான். கையிலிருந்த பணத்தையெல்லாம் கண்டவர்களுக்கும் கொடுத்தான். கோட்டயத்தில் காட்டினோம். மனம் சில காலம் எல்லைமீறிய வேகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் போகும் பைபோலார் நோய் என்று சொல்லி, லித்தியம் மாத்திரை எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. நார்மல். ஆனால் இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மூளையே வேறு மாதிரி இருக்கும் என்கிறார்களே? கொச்சியில் பெரிய மெஷினில் இன்னொரு தடவை எடுக்கலாமா? மாத்திரை மூளையைச் சுருக்குமா?

பதில்: இன்னொரு ஸ்கேன் வேண்டாம் அம்மா. அந்தக் காசு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும்.

முதல் ஸ்கேன் எடுத்தது கட்டி, மூளைக்காய்ச்சல் போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்க. இல்லை என்று தெரிந்துவிட்டது. பைபோலாரைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் இன்றுவரை கிடையாது; மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவானாலும் 3 டெஸ்லாவானாலும் இதுதான் நிலை. தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த அந்த வேகத்தை நீங்கள் விவரமாகச் சொன்னதுதான் நோயைக் காட்டியது.

கேள்விப்பட்டதும் பொய்யில்லை. பைபோலார் உள்ள வளரிளம் பருவத்தினரை மற்றவர்களோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில், உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சராசரியில் சற்றே சிறிதாக இருந்தது. அதைக் கட்டுக்குள் வைக்கும் நெற்றிப்பகுதியோடு அதற்குள்ள தொடர்பும் வேறுபட்டிருந்தது. ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு பள்ளிப் பையன்களின் சராசரி உயரம் அடுத்த பள்ளியைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு என்றால், ஒரு பையனை நிறுத்திப் பார்த்து அவன் எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியுமா?

வீட்டுக்கு உதவும் ஒரு விஷயமும் இந்த ஆய்வுகளில் உண்டு. சலனமில்லாத முகத்தின் படத்தைக் காட்டினாலும், இப்பிள்ளைகள் அதைப் பகை முகமாக எடுத்துக்கொள்வது மற்றவர்களைவிட அதிகம். நீங்கள் பேசாமல் பார்த்தாலே “ஏன் முறைக்கிற?” என்பான். திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல், “கோபமில்லடா, சாப்பிட்டியான்னுதான் பார்த்தேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை மூளையைச் சுருக்குமா என்பதற்குக் கிடைத்த சான்று எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது. 2018இல் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வு சுமார் 6,500 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. பைபோலார் உள்ள பெரியவர்களில், லித்தியம் எடுப்பவர்களுக்கு மூளையின் வெளி அடுக்கான புறணியின் மெலிவு குறைவாக இருந்தது.

லித்தியத்தில் பயப்பட வேண்டியது சிறுநீரகம், தைராய்டு, ரத்தத்தில் அளவு மீறுவது இவற்றுக்குத்தான். வழக்கமாக வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிஈக்விவலன்ட். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்: இரவு 9க்குப் போட்டால் காலை 9க்கு, காலை மாத்திரைக்கு முன். லேபில் ஒரு கண் வையுங்கள். பச்சை மூடி டியூப் பலவற்றில் லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அதில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிவிடும். சிவப்பு மூடி டியூப் கேளுங்கள். டோஸ் மாற்றினால் ஐந்தாறு நாளில் ஒரு தடவை, முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளவு பாருங்கள். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., அதோடு கால்சியம் ஆறு மாதத்துக்கொரு முறை.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. குமுளியின் குளிரிலிருந்து சித்திரை வெயிலில் கம்பத்துக்கு இறங்கி, வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அளவு தானாக ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் அப்படித்தான். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்; ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையைக் கடைக்காரர் எடுத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். வாந்தி, பேதி, கை கடுமையாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, தள்ளாடுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் அளவு பாருங்கள். மறந்த வேளைக்கு இரட்டை மாத்திரை கூடாது.

தூக்கம் மாத்திரைக்குச் சமமானது. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகட்டும், ஆனால் 10 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். விடிய விடியக் கண்விழிப்பதே அடுத்த வேகத்துக்குப் போதும். இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் குறைந்தால், மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மனம் சோர்ந்திருக்கிறான் என்று வேறு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதினால், பைபோலார் என்பதை முதலில் சொல்லுங்கள். அதைத் தனியாகக் கொடுத்தால் வேகம் கிளம்பக்கூடும்.

தேனிப் பக்கம் மருத்துவரை மாற்றினால், கோட்டயத்துச் சீட்டோடு மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். சாதா 300 மில்லிகிராமும் மெதுவாகக் கரையும் 400ம் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சாக விரும்புவதாகப் பேசினால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.