பணிக்கு ஓர் இடம், குறிப்புக்கு ஓர் இடம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஈமாக்ஸ் எடிட்டர் ஓரளவு பழகிவிட்டேன். குறிப்பெடுக்க ஆர்க்-ரோம் என்ற கூடுதல் தொகுப்பு வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். டினோட் என்ற தொகுப்பு போதும் என்கிறார் இன்னொருவர். பணிப்பட்டியலும் தேவை. எதை நிறுவட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் நிறுவ வேண்டாம். 22ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸுக்குள்ளேயே, குறிப்பும் பணிப்பட்டியலும் எழுத உதவும் ஆர்க் மோட் இருக்கிறது. பணிகளுக்கு அதுவே போதும். பணிக்கு நாள் உண்டு, முடிந்ததும் அது கண்ணைவிட்டு மறைய வேண்டும். குறிப்புக்கு நாள் கிடையாது, எப்போது தேடினாலும் அகப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் பின்னால் வரும் பாதித் தொல்லைகளுக்குக் காரணம்.

ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதில் இரண்டே கோப்புகள்: பணிகளுக்கு ஒன்று, அவசரத்தில் எழுதிப்போடும் வரவுப்பெட்டி ஒன்று. குறிப்புகள் அதற்குள் ஓர் உட்கோப்புறையில் இருக்கட்டும். அஜெண்டா (பணிகளை நாள்வாரியாகத் திரட்டிக் காட்டும் பட்டியல்) அமைப்பில் மேல் கோப்புறையின் பெயரை மட்டும் கொடுங்கள். ஆர்க் அதிலுள்ள கோப்புகளை எடுத்துக்கொள்ளும், உட்கோப்புறைக்குள் போகாது. அஜெண்டாவைக் காட்ட, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் அது திறந்து படிக்கிறது. நூற்றுக்கணக்கான குறிப்புகளையும் அதில் சேர்த்துவிட்டு 'ஆர்க் மெதுவாக இருக்கிறது' என்று வருந்துபவர்கள் நிறைய.

குறிப்புகள் பெருகி, எழுதியது எங்கே என்று தடுமாறும்போது நண்பர்கள் சொன்னதற்கு வாருங்கள். டினோட் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே வைக்கிறது: முதலில் தேதியும் நேரமும், இரட்டைக் கோடு, தலைப்பு, பிறகு குறிச்சொற்கள். தரவுத்தளம் எதுவும் இல்லை. அதன் இணைப்புகள் அந்தத் தேதி-நேர எண்ணைப் பிடித்துக்கொள்வதால், தலைப்பை மாற்றினாலும் அறுந்துபோகாது. எண்ணை மட்டும் தொடாதீர்கள். ஆர்க்-ரோம் ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, எது எதைச் சுட்டுகிறது என்பதை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிந்துவைக்கும். அந்தத் தரவுத்தளம் கெட்டால் பதற வேண்டாம். அழித்துவிட்டு, கோப்புகளிலிருந்தே மறுபடி உருவாக்கலாம். எழுதும்போதே பின்னிணைப்புகளை, அதாவது இந்தக் குறிப்பைச் சுட்டும் மற்றக் குறிப்புகளை, பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ரோம். மற்றவர்களுக்கு டினோட் என்பதே என் கருத்து. பின்னிணைப்பு அதிலும் உண்டு, கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் குறைவு.

கேள்வி: என் அஜெண்டாவில் பழைய பணிகள் தினமும் குவிகின்றன. சில பணிகளோ இரண்டு வாரம் முன்பே எட்டிப் பார்க்கின்றன. ஏன்?

பதில்: ஷெட்யூல்ட், டெட்லைன் இரண்டும் வேறு. ஷெட்யூல்ட் என்பது வேலையைத் தொடங்கும் நாள். முடித்ததாகக் குறிக்கும்வரை அது தினமும் தொடர்ந்து வரும். டெட்லைன் கெடு நாள். இயல்பாகவே 14 நாள் முன்பிருந்து எச்சரிக்கும். அதைக் குறைக்க அமைப்பு உண்டு. கூட்டம், பயணம் போன்றவற்றுக்கு இரண்டுமே வேண்டாம். கோண அடைப்புக்குள் தேதி மட்டும் போடுங்கள், அந்த நாளோடு போய்விடும். 'இன்று செய்தால் நல்லது' என்ற ஆசைக்கெல்லாம் தேதி போடாதீர்கள். குவியல் அங்கேதான் பிறக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் பணிகளில், தேதியோடு சேர்த்துப் போடும் குறியைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை செய்யும் வேலையை ஐந்து வாரம் விட்டுவிட்டீர்கள் என்று கொள்வோம். '+' போட்டிருந்தால், முடித்ததாகக் குறித்ததும் பழைய தேதியிலிருந்து ஒரே ஒரு வாரம்தான் நகரும். இன்னும் கடந்த காலத்திலேயே நிற்கும். '++' அதே கிழமையில் அடுத்து வரும் நாளுக்குத் தாவும். '.+' இன்றிலிருந்து ஒரு வாரம் எண்ணும். செடிக்கு உரமிடுவதற்கு '.+', வாராந்தரக் கூட்டத்துக்கு '++'. தவறவிட்ட ஒவ்வொரு தவணையையும் கணக்கு வைக்க வேண்டியதற்கு மட்டும் '+'.

கேள்வி: நான் விம் எடிட்டர் பயன்படுத்துகிறேன். ஆர்க் இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. குறிப்புகளுக்கு விம்விக்கி நீட்சி, பணிகளுக்கு டுடூ.டெக்ஸ்ட் வடிவம். வரிக்கு ஒரு பணி. திட்டத்துக்கு '+', சூழலுக்கு '@'. எல்லா எடிட்டரிலும் திறக்கும், வரிகளை அகர வரிசைப்படுத்தினாலே முன்னுரிமை மேலே வந்துவிடும். கெடு தேதி மட்டும் அடிப்படை விதியில் இல்லை, கூடுதல் குறிப்பாகத்தான் எழுத வேண்டும். ஆகவே எல்லாச் செயலிகளும் அதை ஒரேபோல் மதிக்கும் என்று நம்பாதீர்கள். விஎஸ் கோட் பயன்படுத்துபவர்கள் குறிப்புகளுக்கு ஃபோம் நீட்சியைப் பார்க்கலாம்.

கேள்வி: கைபேசியையும் கணினியையும் சிங்திங் என்ற கோப்பு ஒத்திசைவுச் செயலி மூலம் இணைத்தேன். அஜெண்டாவில் ஒவ்வொரு பணியும் இரண்டிரண்டாக வருகிறது!

பதில்: இரண்டு கருவிகளிலும் ஒரே கோப்பு மாறும்போது சிங்திங் ஒரு மோதல் நகலை உருவாக்கும். அதன் பெயரின் இறுதி மாறாததால் அஜெண்டா அதையும் இன்னொரு கோப்பாகப் படிக்கிறது. நகலை ஒப்பிட்டு, வேண்டிய வரிகளை எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். இனி கைபேசி எழுத ஒரு தனி வரவுப்பெட்டிக் கோப்பு இருக்கட்டும், கணினியில் அதில் எழுதாதீர்கள். பணிகளை அங்கிருந்து இடம் மாற்ற ரீஃபைல் கட்டளை: கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டபிள்யூ. மாற்றியதும் உடனே சேமியுங்கள். சேமிக்காமல் திறந்து கிடக்கும் கோப்புதான் பெரும்பாலான மோதல்களுக்கு வித்து.

கேள்வி: தமிழில் எழுதிய குறிப்பில் ஒரு சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை.

பதில்: 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். பார்க்க ஒன்றுதான், ரிப்கிரெப் போன்ற தேடல் கருவிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டிய பகுதிகளில் இது அதிகம். ஈமாக்ஸில் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் கட்டளை இருக்கிறது. ஒட்டியதும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தமிழ் விசைப்பலகையை ஈமாக்ஸின் உள்ளீட்டு முறையாகவே வைத்துக்கொள்வதும் நல்லது. இயங்குதளத்தில் தமிழுக்கு மாற்றினால் கட்டளை விசைகளும் சேர்ந்து மாறிவிடும். ஈமாக்ஸின் உள்ளே மாற்றினால் எழுத்து மட்டுமே மாறும்.