கோல்ஃப் ஆடப் போகும் பெண்களே, முதல் செலவு ஷூவுக்கு

கேள்வி: எனக்கு 47 வயது, கோவையில் இருக்கிறேன். கணவர் பல வருடங்களாக கோல்ஃப் ஆடுகிறார். சில மாதங்களாக நானும் கற்றுக்கொள்கிறேன். வாக்கிங் ஷூ, லெக்கிங்ஸ், நீளமான குர்தியோடு பயிற்சித் திடலில் பந்து அடித்து வருகிறேன். இனி மைதானத்தில் இறங்கி ஆடலாம் என்று கோச் சொல்லிவிட்டார். உடைக்கு விதிகள் இருக்கின்றன என்கிறார்கள். குட்டைப் பாவாடை எனக்குச் சரிப்பட்டு வராது. ஷூ மட்டும் 10,000 ரூபாய் சொல்கிறார்கள், அது அவசியம்தானா? பழைய படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் தரையைத் தொடும் கவுனில் கோல்ஃப் மட்டையோடு நிற்கிறார்கள். அவர்கள் அதிலேயே ஆடியபோது நான் மட்டும் ஏன் தனி உடை வாங்க வேண்டும்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பெண்கள் ஆடியது உண்மைதான். ஆனால் அந்த உடை அவர்களை எவ்வளவு ஆட விட்டது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1867-ல் பெண்களுக்கென்று ஒரு கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். அங்கே ஆடியது பட்டிங் மட்டும்: பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடுவது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று அன்றைக்கு நினைத்தார்கள். 1890-ல் லார்ட் வெல்வுட் என்பவர், பெண்கள் 70, 80 கஜத்துக்கு மேல் பந்தை அடிக்காமல் இருப்பது நல்லது என்று எழுதினார். அவர்களுக்கு வலு போதாது என்று அவர் சொல்லவில்லை. அதற்கு மேல் அடிக்க மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோக வேண்டும், பெண்களின் உடையில் அந்த அசைவு பார்க்க நன்றாக இருக்காது என்பதுதான் அவர் காட்டிய காரணம். உடைக்குத் தகுந்த மாதிரி ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னாரே தவிர, ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி உடையை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மூன்றே வருடத்தில், 1893-ல், பிரிட்டனில் பெண்கள் கோல்ஃப் சங்கம் உருவாகி சாம்பியன்ஷிப் போட்டியும் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் லேடி மார்கரெட் ஸ்காட் என்ற ஒரே பெண் ஜெயித்தார். இடுப்பை இறுக்கும் கார்செட், விறைப்பான காலர், உப்பிய கை, கணுக்கால் வரை பாவாடை என்றிருந்த காலம் அது. கடலோர மைதானங்களில் காற்று அடிக்கும்போது பாவாடை எழும்பிப் பந்தையே மறைத்துவிடும். அதற்காக அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்று புழக்கத்துக்கு வந்தது. நடக்கும்போது இடுப்பில் இருக்கும். அடிக்கும்போது முழங்கால் பக்கம் இறக்கிப் பாவாடையை இறுக்கிக்கொள்வார்கள். ஒரு அமெரிக்க வீராங்கனையின் பெயரால் அதற்கு ‘மிஸ் ஹிக்கின்ஸ்’ என்று பெயர்.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று கோவைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் உங்கள் நீள குர்தியும் அந்தப் பாவாடை செய்த வேலையைத்தான் செய்யும். குனிந்து நின்றதும் முன்பக்கம் தொங்கி வந்து பந்தை மறைக்கும், மட்டையைச் சுழற்றும்போது தொடையில் சுற்றிக்கொள்ளும். துப்பட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உடை இளகத் தொடங்கியது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1920 முதல் 1924 வரை இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஜாய்ஸ் வெதரெட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். மேலே பின்னலாடை, கீழே மடிப்பு வைத்த பாவாடை. பின்னல் துணி தோளோடு நீண்டு கொடுக்கும், மடிப்பு கால் வைக்கும் அளவுக்கு விரியும். குட்டை உடைக்குப் போகாமலே தோளுக்கும் இடுப்புக்கும் விடுதலை கிடைத்துவிட்டது. நீங்கள் பின்பற்ற வேண்டியது இந்த வழிதான்.

பேன்ட் போடுவதற்கும் ஒருவர் துணிய வேண்டியிருந்தது. 1933-ல் வெஸ்ட்வர்ட் ஹோ மைதானத்தில் நடந்த இங்கிலாந்து பெண்கள் சாம்பியன்ஷிப்புக்கு க்ளோரியா மினோப்ரியோ கருநீல நிறத்தில் கச்சிதமான பேன்ட்டோடு வந்து நின்றார். ஒரே ஒரு மட்டையை வைத்து ஆட்டம் முழுவதையும் ஆடினார். முதல் சுற்றிலேயே தோற்றார். மரபான உடையை மீறியதற்காகச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. அவரோ அடுத்தடுத்த வருடங்களிலும் அதே உடையில் வந்து ஆடினார். இன்றைக்கு நீங்கள் பேன்ட் போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே குட்டைப் பாவாடைக் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். கணுக்கால் வரை வரும் பேன்ட்டோ முழங்காலுக்குக் கீழே நிற்கும் கேப்ரியோ போதும்.

சரி, ஷூவுக்கு வருவோம். கிளப் விதியைப் பொறுத்தவரை சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பல இடங்களில் அனுமதிப்பார்கள். இருந்தாலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை ஷூவில் போடுங்கள் என்பேன்.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். கண்ணாடி முன் நின்று, மட்டை இல்லாமல் மெதுவாக ஒரு ஸ்விங் செய்து இடது பாதத்தைக் கவனியுங்கள். மட்டை பின்னால் போகும்போது எடை வலது காலில் இருக்கும். பந்தை அடிக்க இறங்கும்போது எடை முழுவதும் இடது காலுக்கு வரும், இடுப்பு திரும்பும், கடைசியில் இடது பாதத்தின் வெளி விளிம்பு மட்டும் தரையில் அழுந்தி, கட்டைவிரல் பக்கம் லேசாக எழும்பும். ஒரு நொடிகூட ஆகாது, அதற்குள் உடம்பின் மொத்த எடையும் பக்கவாட்டில் தள்ளித் திருகுகிறது. வாக்கிங், ரன்னிங் ஷூக்கள் குதிகாலில் இருந்து விரல் நுனிவரை நேராக முன்னே போவதற்காகச் செய்யப்பட்டவை. குதிகாலுக்கு அடியில் தடித்த ஃபோம் இருக்கும். பக்கவாட்டில் அழுத்தம் விழுந்ததும் அது நசுங்கி, கால் வெளியே சாயும். விழுந்துவிடுவோமோ என்று உடம்பு பயந்து திருப்பத்தைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும். புதிதாக ஆட வரும் பல பெண்கள் தங்களுக்குக் கையில் வலு இல்லை என்று நினைக்கிறார்கள். கால் வழுக்குவதை முதலில் சரிசெய்யச் சொல்வேன்.

கோல்ஃப் ஷூவின் அடிப்பாகம் அகலமாக, தட்டையாக, பக்கவாட்டில் விறைப்பாக இருக்கும். அடியில் பிடிமானத்துக்குப் பல் வைத்திருப்பார்கள். இது பழைய யோசனை. ஆணி அடித்த ஷூ போடுங்கள் என்று 1857-லேயே ஸ்காட்லாந்தில் ஒரு கையேடு அறிவுரை சொல்லியிருக்கிறது. அதன்பின் திருகிப் பொருத்தும் இரும்பு ஸ்பைக் வந்து, 1990-கள் வரை அதுதான் வழக்கம். அந்த ஸ்பைக் பட்டிங் கிரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் இடத்தின், புல்லைக் குத்திக் கிழித்துவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குளிர்காலத்தில் கிரீனைக் காப்பாற்றத்தான் பிளாஸ்டிக் ஸ்பைக்கைக் கண்டுபிடித்தார்கள். சில வருடங்களில் அது உலகம் முழுக்கப் பரவியது, இன்று பல கிளப்களில் இரும்பு ஸ்பைக்குக்குத் தடை. அதனால் சொந்தக்காரர் யாராவது தங்கள் பழைய ஷூவைக் கொடுத்தால், அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பைக் வைத்தது. இன்னொன்று, அடிப்பாகத்திலேயே ரப்பர் குமிழ்கள் வார்த்த ஸ்பைக்லெஸ். காய்ந்த, கெட்டியான தரையில் ஆடுபவருக்கு ஸ்பைக்லெஸ் போதும். காரில் இருந்து இறங்கி அப்படியே நடக்கலாம், பளிங்குத் தரையில் சத்தம் போடாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அடிக்கடி ஆடப் போவீர்கள் என்றால் ஸ்பைக் வைத்ததை எடுங்கள். சரிவும் பனி நனைத்த புல்லும் சேர்ந்தால் குமிழ் தாங்காது. கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விலையை ஏற்றுவார். தண்ணீரை உள்ளே விடாத ஷூ வியர்வையையும் அவ்வளவு எளிதில் வெளியே விடாது. சமவெளி வெயிலுக்கு வலைத்துணி வைத்த ஷூதான் சுகம்.

அளவில் கவனமாக இருங்கள், பெண்களுக்கு ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். பெண்களின் பாதத்தில் முன்பக்க அகலத்தோடு ஒப்பிட்டால் குதிகால் குறுகல். பெண்கள் மாடல் கைவசம் இல்லாத கடைகளில் ஆண்கள் ஷூவிலேயே சின்ன சைஸை எடுத்துக் கொடுப்பார்கள். முன்னால் சரியாக இருக்கும், பின்னால் குதிகால் ஏறி இறங்கும். 18 குழியும் நடந்து ஆடினால் 8 முதல் 10 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல். குதிகால் தோல் உரிந்துவிடும். பெட்டியில் இருக்கும் அமெரிக்கப் பெண்கள் எண் நம் ஊர் எண்ணைவிடச் சுமார் இரண்டு கூடுதலாக இருக்கும், எண்ணை நம்பி வாங்காமல் போட்டுப் பாருங்கள். சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கி, ஆடும்போது இருக்கும் அளவில் இருக்கும். ஆடும்போது போடப்போகும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். மெட்டி போடும் பழக்கம் இருந்தால் மெட்டியோடு போட்டுப் பாருங்கள். குமிழ் வைத்த மெட்டி பக்கத்து விரலை அறுக்கும். கழற்ற மனமில்லாதவர்கள் ஆடும் நாளில் மட்டும் மெலிந்த, வழவழப்பான வளையமாக மாற்றிக்கொள்ளலாம். விரல் பக்கம் அகலமான மாடலையே தேடுங்கள்.

அப்புறம் மேலாடை. ட்ரையல் ரூமில் போட்டதும் கண்ணாடியில் அழகு பார்க்கும் முன், இரண்டு கையையும் சேர்த்து வலது தோளுக்கு மேல் தூக்குங்கள். முதுகோ அக்குளோ பிடித்தால் வேண்டாம். ரெடிமேட் சுடிதார் டாப்பில் பெரும்பாலும் அக்குள்தான் பிடிக்கும். அளவு கொடுத்துத் தைப்பதானால் அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கை தாராளமாக ஏறும். நீளம் இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். காட்டன்தான் நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். நான்கு மணி நேரம் நடக்கும்போது காட்டன் வியர்வையை உறிஞ்சிக் கனத்துத் தோளில் ஒட்டிக்கொள்ளும், வியர்வையைச் சீக்கிரம் உலர்த்தும் மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் துணியை எடுங்கள். காலரைப் பற்றிப் பொதுவாக உள்ள வழக்கம் இது: கை இல்லாத டாப்புக்குக் காலர் வேண்டும், காலர் இல்லாவிட்டால் கை வேண்டும். கிளப்புக்குக் கிளப் மாறும் என்பதால் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். டி-ஷர்ட்டைவிட உள்ளே போடும் ஸ்போர்ட்ஸ் பிரா முக்கியம். தோள் பட்டை சறுக்கி விழுவதும், மார்பைப் பிடித்து இறுக்குவதும் ஸ்விங்கைக் கெடுக்கும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பல பெண்கள் அவஸ்தைப்படுகிறார்கள்.

லெக்கிங்ஸை மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். 2017 ஜூலையில் அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ உடை விதியை இறுக்கியபோது, லெக்கிங்ஸை ஸ்கோர்ட் (உள்ளே ஷார்ட்ஸ் வைத்துத் தைத்த பாவாடை) அல்லது ஷார்ட்ஸுக்கு அடியில்தான் போடலாம் என்றது. மீறினால் முதல் முறை 1,000 டாலர் அபராதம், அடுத்தடுத்து இரட்டிப்பு. அந்த விதியில் பெண்களின் உடம்பைப் பற்றிய அதிகாரத் தொனி இருந்தது என்று அப்போதே பலர் கண்டித்தார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் பல கிளப்களிலும் லெக்கிங்ஸுக்குத் தடை இருக்கிறது. ஜீன்ஸுக்கும் தடை. ஜீன்ஸ் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை, அந்தத் துணியில் இடுப்பு திரும்பாது. கொஞ்சம் இழுபடும் துணியில் கோல்ஃப் பேன்ட் எடுங்கள்.

பேன்ட் வாங்கும்போது பையில் ஒரு கோல்ஃப் பந்தைக் கொண்டு போங்கள். விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதை முன் பாக்கெட்டில் போட்டு, கிரீனில் சரிவைப் பார்க்க உட்காருவது போலக் குந்தி உட்காருங்கள். பந்து தொடையைக் குத்தினாலோ வெளியே உருண்டாலோ அந்தப் பேன்ட் வேலைக்கு ஆகாது. பெண்கள் உடையில் பாக்கெட்டை ஒப்புக்குத் தைப்பது இன்னும் நின்றபாடில்லை. மாற்றுப் பந்து, பந்தை நிறுத்தி அடிக்கும் டீ என்ற சிறு ஆணி, பந்து இருந்த இடத்தைக் குறிக்கும் மார்க்கர் எல்லாம் வைக்க இரண்டு ஆழமான பாக்கெட்டாவது வேண்டும்.

வெயிலை லேசாக நினைக்காதீர்கள். 1998 அமெரிக்கப் பெண்கள் ஓபனில் சமநிலையை உடைத்துப் பட்டத்தை முடிவுசெய்யும் ப்ளே-ஆஃப் ஆட்டம், 18-வது குழியில் கொரியாவின் பாக் செ ரியின் பந்து தண்ணீர் ஓரச் சரிவில் போய் நின்றது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றித் தண்ணீரில் இறங்கி அடித்து, ஆட்டத்தைத் தக்கவைத்துப் பட்டத்தையும் வென்றார். கணுக்காலுக்கு மேலே கருத்தும் கீழே வெளுத்தும் இருந்த அந்தக் கால்கள் கொரியர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. 20 வயதுப் பெண் எத்தனை ஆயிரம் மணி நேரம் வெயிலில் நின்றிருப்பாள் என்பது அந்தக் கோட்டில் தெரிந்தது. உங்களுக்கு அந்தக் கோடு தேவையில்லை. யூபிஎஃப் 50 என்று போட்டிருக்கும் கையுறை மாதிரியான நீளக் கைத்துணிகள் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கொண்டை போடுபவர்களுக்கு மேல்பக்கம் திறந்த வைசர் வசதி, ஆனால் காதும் கழுத்தும் வெயிலில் இருக்கும், அங்கே சன்ஸ்க்ரீன் வேண்டும்.

நகை விஷயம் சுருக்கமாக. தாலிச் சரடை உள்ளே போட்டு, பிராவுக்குள் அடங்கும்படி வையுங்கள். குனியும்போது முன்னால் ஆடினால் கவனம் போகும். இடது கை வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கையுறை இடது கைக்குத்தான், அதற்குள் மோதிரம் இருந்தால் மட்டை அழுத்தி விரல் தடித்துவிடும். கையுறை சற்று இறுக்கமாகவே இருக்கட்டும், போகப்போகத் தளரும்.

வாங்கும் வரிசை: ஷூ, கையுறை, ஒரு பேன்ட், இரண்டு டாப். குர்தியைப் பயிற்சித் திடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு நேரே 18 குழிக்குப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு பயிற்சித் திடலில், அதன்பின் 9 குழி வரை போட்டுப் பாருங்கள். அதற்குள் கடிக்கும் இடம் தெரிந்துவிடும். கடித்தால் மாற்றித் தருவார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.